உள்ளே எதுவும் உருளக்கூடாது

பேட்டரியை அசையாமல் நிறுத்துவதற்குப் பசை நாடாவை மட்டும் நம்பக்கூடாது, ஐயா. ஈரம் பட்டதும் கைவிட்டுவிடும். படகின் அடித்தட்டில் முதலில் ஸ்பாஞ்ச், அதன்மேல் பேட்டரி, குறுக்கே பட்டை. விரல் நுழையாதபடி இழுத்து மாட்ட வேண்டும். நீங்கள் இதை எழுதிக்கொள்ளவில்லை. பரவாயில்லை.

எங்கள் குளத்தில் ரிமோட் படகு விடுகிறவர்கள் எல்லோரும், தண்ணீரில் இறக்குவதற்கு முன் படகைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்ப்பார்கள். வேகமாகப் போகிற படகு திரும்பும்போது பேட்டரி ஒரு பக்கம் சரிந்தால் படகும் அந்தப் பக்கமே கவிழ்ந்துவிடும். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தது நான்தான். அதனால் எனக்கு ‘உலுக்கி’ என்று பட்டப்பெயர். கேலிதான், ஆனால் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் தங்கை புருஷன் மட்டும் உலுக்கவே மாட்டார். நல்ல மனிதர், சிரித்த முகம். ஆனால் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர், எந்த வேலையிலும் ஒட்டமாட்டார். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது நான். கல்யாணத்துக்குப் பிறகும் இருவரையும் என் வீட்டு மாடியிலேயே குடிவைத்தேன். மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். அண்ணன் என்றால் அப்படித்தானே இருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்பே நாங்கள் இருவரும் குளத்துக்குப் போய்விட்டோம். என் பந்தயப் படகை அவர் கையில் எடுத்தார்.

“பட்டை போட்டீங்களா மாப்பிள்ளை?”

“கொஞ்ச நேரம் ஓட்டறதுக்கு எதுக்கு மச்சான் அதெல்லாம்? உள்ள வெச்சிருக்கேன், அது பாட்டுக்கு இருக்கும்.”

இருக்கவில்லை. முதல் திருப்பத்திலேயே படகு கவிழ்ந்து, குளத்தின் நடுவில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரன் இல்லை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கவிழ்ந்த படகுகளை எடுத்துவர அங்கே ஒரு சின்னத் தோணி இருக்கிறது. எடுத்த படகுகள் உருளாமலிருக்க அதிலும் நான் நல்ல அகலமான பட்டைகள் பொருத்தியிருக்கிறேன். இருவரும் ஏறினோம். நான் துடுப்புப் போட்டேன்.

“மச்சான், வீட்ல வெச்சு சொல்லலாம்னு இருந்தேன்” என்றார். “வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. அடுத்த வாரம் ரெண்டு பேரும் கெளம்பறோம்.”

“அவ என்ன சொல்றா?”

“அந்த வேலையத் தேடிக் குடுத்ததே அவதான்.”

இதற்காகத்தான் அடித்தேன் என்று நீங்கள் எழுதினால் அது தப்பு. அவர் தோணியில் எழுந்து நின்றார், அதுதான் காரணம். மிதந்த படகை எட்டிப் பிடிக்கப் போனார். தோணி ஆடியது. உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. துடுப்பால் பின்மண்டையில் ஒன்று போட்டேன், உட்கார்ந்தார். திரும்பி என்னைப் பார்க்க முயன்றார், அதனால் முகத்திலும் அடிக்க வேண்டியதாயிற்று. பல் ஒன்று தெறித்து என் மடியில் விழுந்தது. பிறகு அவர் அசையவில்லை.

மார்பில், இடுப்பில், முழங்காலில் பட்டை போட்டேன். விரல் நுழையவில்லை. பந்தயப் படகை எடுத்துத் தண்ணீரை வடித்து அவர் காலடியில் வைத்தேன். இடுப்பளவுத் தண்ணீருக்குத் தோணியைக் கொண்டுவந்து நான் மட்டும் இறங்கினேன். அப்போது கண்ணைத் திறந்தார். வாயெல்லாம் ரத்தம்.

“மச்சான், அவுத்து விடுங்க. நாங்க போகல. எங்கயும் போகல.”

கட்டிப்போட்டால் யார்தான் அப்படிச் சொல்லமாட்டார்கள்? “அலட்டிக்காதீங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டுத் தோணியைக் கவிழ்த்தேன். கட்டி முடித்த எதையும் நான் சோதிக்காமல் விட்டதில்லை.

அடியிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தார். தோணிப் பலகையில் வைத்திருந்த என் உள்ளங்கையில் அது தெரிந்தது. மார்புப் பட்டையின் நுனி தண்ணீருக்குள் என் காலுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. ஒரு இழு இழுத்தால் கழன்றுவிடும். இழுக்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? தட்டுவது மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. பட்டை கொஞ்சமும் நெகிழவில்லை.

சற்றுப் பொறுத்துத் தங்கை வந்தாள். கவிழ்ந்த தோணியைப் பார்த்ததும் அப்படியே தண்ணீரில் பாய்ந்தாள். முங்கி முங்கிப் பட்டையைப் பிய்த்தாள், நகம் பெயர்ந்து வந்தது. அவளை இழுத்து என்னோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விடச் சொன்னாள், நான் விடவில்லை. மணிக்கட்டில் இருக்கிறதே, இது அவள் கடித்த தழும்பு. குளத்துக்கு வந்த ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் என் கையைப் பிரித்தார்கள்.

ஆமாம் ஐயா, நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போட்டுவிடுகிறேன்.

அவள் ஊரைவிட்டே போய்விட்டாள் என்கிறீர்கள். தனியாகவா? பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? எந்த ஊர் என்றுகூடக் கேட்கமாட்டேன், அதை நானே விசாரித்துக்கொள்வேன். நான் வருகிறவரை அவளை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், அது போதும்.