எதையும் சேமிக்காத எடிட்டர்

கணினி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், தம்பி. எழுதுவதற்கு ஆயத்தமாகக் கிடைக்கும் எடிட்டர் மென்பொருள் எனக்குப் பிடிக்காது. மூல நிரலை இறக்கி, வேண்டிய வசதிகளை மட்டும் சேர்த்து, ஓடும் மென்பொருளாக நானே கம்பைல் செய்வேன். உங்கள் அக்காவுக்குப் பார்வை போன பிறகு, தட்டும் எழுத்தை வாசித்துச் சொல்லும் எடிட்டரை அப்படித்தான் செய்து கொடுத்தேன். அவளும் மொழிபெயர்ப்பு வேலைக்குத் திரும்பினாள்.

முதல் தடவை நடந்தது உண்மையிலேயே தவறுதான். புதிய பதிப்பைக் கம்பைல் செய்தபோது ஒலிக்கு வேண்டிய கோப்பு ஒன்று கணினியில் இல்லை. அப்படி ஏதாவது இல்லாவிட்டால் கம்பைல் செய்யும் நிரல் சண்டை போடாது. அந்த வசதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடும். எடிட்டர் ஊமையாகிவிட்டது. தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். அவள் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று அவளை வேலைக்கு அழைத்தது. மாதிரிக்குச் சில அத்தியாயங்கள் கேட்டார்கள். தனியாகவே போய்த் தங்கிக்கொள்வேன் என்றாள். நான் மறுபடி கம்பைல் செய்தேன். எழுதியதைத் தானாகச் சேமிக்கும் வசதியை நீக்கிவிட்டேன்; அவள் அதை நம்பித்தான் எழுதுவாள். குரலில் கை வைக்கவில்லை. குரல் போனால் எடிட்டரைச் சந்தேகிப்பாள். எழுதியது போனால் தன்னைத்தான் சந்தேகிப்பாள்.

எழுதிய அத்தியாயங்கள் காணாமல் போனதும் அவள் உங்களைக் கூப்பிட்டு, என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னாள். நீங்கள் வருவதற்குள் பழையபடி கம்பைல் செய்து வைத்திருந்தேன். "எல்லாம் நல்லாதான் இருக்குக்கா, நீதான் ஏதோ அழிச்சிருப்ப" என்றீர்கள். நீங்கள் போனதும் அந்த வசதியை மீண்டும் நீக்கினேன்.

மறதி நோயாக இருக்குமோ என்று அவளே கேட்டாள். மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். அவர் சொன்ன சொற்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "சரியா சொன்னேனாங்க?" என்றாள். நான் தலை குனிந்தேன். குனிந்தது அவளுக்குத் தெரியாது என்று ஓர் ஆறுதல் வந்தது, தம்பி. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.

வேலை வேண்டாமென்று பதிப்பகத்துக்குச் சொல்லிவிட்டாள். இப்போது எழுதுவதே இல்லை. அடுப்பை அணைத்தோமா என்றுகூட என்னைத்தான் கேட்கிறாள்.

நிரலைப் பிரித்துப் பார்த்துவிட்டீர்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாம் நான் செய்ததுதான். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுப் போ என்கிறீர்கள். போகலாம். ஆனால் இந்த நிலைமையில் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள், தம்பி?