பின்சீட்டுக் கண்ணாடி

ஒரு வண்டியின் கதவைத் திறந்து முகர்ந்து பார்த்தாலே அந்த வீட்டு மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. என் மாமனார் எப்படி இறந்தார் என்பதை எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எழுதுகிறேன். ஆனால் வண்டியிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் விளங்கும்.

வண்டி அவருடையது. அதை நான் மறைக்கவில்லை. பதினான்கு வருடம் அவர் ஓட்டிய செடான். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு, அவரும் வண்டியும் ஒரே நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சாவியை என் கையில் வைத்து, "இனிமே நீங்கதான் பாத்துக்கணும் மாப்பிள்ளை" என்றார். வண்டியைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் விடுமுறையில் சீட்டுகளைக் கழற்றினேன். அடியில் கிடந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. கறுத்துப்போன ஆரஞ்சுத் தோல், வெட்டிப்போட்ட நகங்கள், காது குடைந்த பஞ்சு, சளியைத் துடைத்து உருட்டி எறிந்த காகிதங்கள். வீடு முழுக்கத் தேடிக் கிடைக்காத அவருடைய பாதிப் பல்செட்டும் அங்கேதான் இருந்தது, முடி சுற்றிக்கொண்டு. கையுறை போட்டுத்தான் எடுத்தேன். இருந்தும் இரண்டு நாள் அந்தக் கையால் சாப்பிட எனக்கு மனசு வரவில்லை.

என் சம்பளத்துக்குப் புது வண்டி கட்டுப்படியாகாது. இருப்பதைத் தேற்றுவோம் என்று இறங்கினேன். சீட் உறைகளை என் மனைவியின் தையல் இயந்திரத்தில் நானே தைத்தேன். உடைசல் கடையில் நாலு அலாய் வீல் கிடைத்தது, உப்புத்தாள் போட்டு ஒரு மாதம் தேய்த்தேன். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் ஸ்பீக்கருக்காக இரண்டு வட்டம் வெட்டினேன். ஸ்பீக்கர் வாங்கப் பணம் போதவில்லை. வெட்டிய இடத்தில் கறுப்பு வலைத்துணியை ஒட்டிவிட்டேன், பார்ப்பவர்களுக்கு ஸ்பீக்கர் இருப்பதாகவே தோன்றும்.

பிறகு சைலன்சர். அதுவும் உடைசல் கடைச் சரக்குதான், இரட்டைக் குழல், அகலமானது. அது உட்காருவதற்காக டிக்கியின் அடித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்ட வேண்டியிருந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டரைக் கழற்றி விற்றுத்தான் வண்டிக்கு வெள்ளி நிறப் பெயின்ட் அடித்தேன். வெல்டர் நல்ல மனுஷன், வாய் மட்டும் ஓயாது.

"சார், இந்த ஓட்டையை ஒரு தகடு வெச்சு அடைச்சிடலாம். அரை மணி நேர வேலைதான்."

"இப்ப வேணாம். பெயின்ட் புதுசு. பொறி பட்டுடும்."

"அப்ப அதுவரைக்கும் பின்னாடி யாரையும் ஏத்தாதீங்க சார். பொகை உள்ள ஏறும். தூங்குற மாதிரியே ஆளைக் கொண்டுபோயிடும்."

தலையாட்டினேன். பெயின்ட் கொப்பளித்துவிடக் கூடாது என்பதுதான் அன்றைக்கு என் கவலை. வேறு எந்த எண்ணமும் இல்லை, இதை நீங்கள் நம்பலாம்.

மாமாவுக்கு வாரம் மூன்று நாள், மதியத்தில், ஆஸ்பத்திரியில் இடுப்புப் பயிற்சி. மனைவி வேலைக்குப் போய்விடுவாள், எனக்குக் காலை ஷிப்ட் மட்டும் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாற்பது நிமிடப் பயணம். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரிப்பார். கொட்டையைக் கதவுப் பைக்குள் துப்புவார். ஏப்பம் விடுவார், அதன் வாசனை என் பிடரியில் வந்து மோதும். ஒரு நாள் கண்ணாடியை இறக்கி வெளியே காறித் துப்பினார். காற்றுக்கு அது திரும்பி வந்து, புதுப் பெயின்ட்டில் கதவிலிருந்து டிக்கிவரை நீளமாக இழுத்துக்கொண்டு படிந்தது. நான் கழுவுவதை வாக்கரைப் பிடித்தபடி நின்று பார்த்தார். "சளிதானே மாப்பிள்ளை, என்னமோ ஆசிட் மாதிரி தேய்க்கிறீங்க" என்றார். அன்றே பின்பக்கக் கண்ணாடிகளை என் பக்கத்துச் சுவிட்சில் பூட்டிவிட்டேன்.

சைலன்சர் மாட்டிய பிறகு போன முதல் பயணத்தில் எனக்கும் தலை வலித்தது. என் கண்ணாடியை நாலு விரல் இறக்கினேன், சரியாகிவிட்டது. பின்னால் அவர் வாந்தி எடுத்தார், நான் தைத்த உறையின் மேல். தையல் துளைகளுக்குள் இறங்கியதைக் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தேன்.

"அப்பாவுக்கு வண்டி ஒத்துக்கல போலங்க. ஆட்டோல கூட்டிட்டுப் போலாமா?" என்றாள் மனைவி.

"செலவாகும்" என்றேன்.

அடுத்த முறையிலிருந்து வெறும் வயிற்றோடு ஏற்றினேன். வாந்தி வரவில்லை, தூக்கம் வந்தது. இருபதாவது நிமிடத்தில் தலை சாய்ந்துவிடும். காறல் இல்லை, ஏப்பம் இல்லை, "கியரை மாத்துங்க" என்ற உபதேசம் இல்லை. பொய் சொல்ல மாட்டேன், வாரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது அந்த இருபது நிமிடங்கள்தான். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது அவருக்குக் கால் பின்னும். வயசாகிவிட்டது என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள்.

வெல்டர் போன் செய்தார். "தகடு வெட்டி ரெடியா வெச்சிருக்கேன் சார். காசு வேண்டாம், வந்துட்டுப் போங்க." வேலை இருக்கிறது என்றேன்.

என்னைக் கேட்ட கேள்விகளில் உங்கள் உதவியாளர் கேட்ட ஒன்றுதான் உருப்படியானது. மகளை ஏன் சைலன்சர் மாட்டிய நாளிலிருந்து முன்சீட்டில் மட்டுமே உட்கார வைத்தாய் என்றார். பன்னிரண்டு வயதுப் பெண், பின்சீட்டில் படுத்துக்கொண்டு புத்தகம் படிப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும். பின்னால் குப்பை போடுகிறாள் என்று வீட்டில் காரணம் சொன்னேன். முன்னால் உட்கார வைத்து அவள் பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிடுவேன். விவரம் தெரிந்தவன்தான் அப்படிச் செய்வான். ஒப்புக்கொள்கிறேன்.

அன்று பாலத்தின் மேல் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றுவிட்டன.

"மாப்பிள்ளை, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்க. ஒரு மாதிரியா வருது."

"தூசி வரும் மாமா."

"கதவையாவது தெறங்களேன்."

பின்கதவில் குழந்தைகளுக்கான பூட்டு போட்டிருந்தேன். அதை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். நான் என் பக்கக் கண்ணாடியையும் முழுதாக ஏற்றிவிட்டு இறங்கினேன். எஞ்சினை அணைக்கவில்லை. ஏசி நின்றால் அவருக்கு வேர்க்கும், வேர்த்தால் உறையில் உப்புப் பூக்கும்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயிலில் அவ்வளவு அழகாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர், "புது வண்டியா சார்?" என்றார். பதினாலு வருஷம் ஆகிறது என்றேன். சும்மா சொல்லாதீங்க என்று சிரித்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் கூலி கிடைத்தது போலிருந்தது. அந்த நேரத்தில்தான் பின்சீட்டுக் கண்ணாடியில் மாமாவின் கை வந்து ஒட்டியது. இரண்டு முறை தட்டியது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கியது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் என்பதால் ஸ்கூட்டர்காரர் கவனிக்கவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்குத் தெரிந்தது. நான் ஃபிலிம் ஒட்டிய விதத்தை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப்போவதை நீங்கள் கேட்கவில்லை. கேட்க உங்களுக்கு வழியும் இல்லை, ஏனென்றால் அது இப்போது இல்லை. லாரியை நகர்த்தி வழி விட்டார்கள். ஆஸ்பத்திரி பாலத்தைத் தாண்டி நாலு நிமிடம். பின்கதவைத் திறந்தேன். முகம் நல்ல சிவப்பாக, உடம்பு தேறினவர் போல இருந்தார். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. மூச்சு இருந்தது, லேசாக, ஆனால் இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் ஐந்து விரலும், அவை வழுக்கி இறங்கிய எண்ணெய்ப் பிசுக்கும். அப்படியே விட்டால் ஃபிலிமில் ஊறிவிடும், பிறகு போகவே போகாது. அதனால் டிக்கியிலிருந்து துணியை எடுத்து வந்து, தடம் முழுதாகப் போகும்வரை பொறுமையாகத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் வண்டியை எடுத்தேன்.