வண்டி நின்ற இடம்

— இன்னும் மொட்டையாத்தான் கிடக்கு ஆர்டிஸ். சுத்தி எல்லாம் பச்சை பிடிச்சாச்சு. வண்டி நின்ன இடம் மட்டும் புல்லு இல்லாம செத்த மாட்டுத் தோலு மாதிரி.

— பூட்ஸை வாசல்லயே கழட்டு மனுசா. காப்பி ஊத்தி வச்சிருக்கேன்.

— விதைக்கடைக்காரன் ஏமாத்திட்டான். மக்கிப்போன பழைய விதைய புதுப் பையில போட்டுக் குடுத்திருக்கான், திருட்டுப் பய.

— வேலியோரமும் அதே விதையத்தானே தூவின? அங்க வந்திருக்கே.

— அப்ப ஏரி வாத்துங்க.

— வாத்து வேலியோரத்த விட்டுட்டு, இத மட்டும் தேடி வந்து தின்னுச்சாக்கும்.

— நக்கல் பண்ணாத. மண்ணு ராத்திரி உறைஞ்சு பகல்ல வெடிக்கும்ல, அந்த நேரம் பாத்து, இருந்த பனி மேலயே தூவினேன். விதை தானா வெடிப்புக்குள்ள இறங்கிக்கும். எங்கப்பன் அப்படித்தான் செஞ்சான். எனக்கும் ஒரு தடவைகூட தப்புனதில்ல.

— ம்.

— இங்க பாரு, இது என்னன்னு சொல்லு. பூட்ஸ் அடியில ஒட்டிட்டு வந்துச்சு.

— மணல்.

— மணல் இப்படி மஞ்சளா, உருண்டையாவா இருக்கும்? களை முளைக்காம இருக்கப் போடுற மருந்து இது. மஞ்சப்பூப் புதர் பூத்ததும் தெருவே எடுத்துத் தூவுமே, அந்தக் கருமம். அதுக்குக் களை எது, புல்லு எதுன்னு கண்ணா தெரியும்? விதைன்னா மண்ணுக்குள்ளயே கருக்கிடும். அங்க கொட்டிக் கிடக்கு.

— காத்துல வந்திருக்கும்.

— காத்து வண்டியோட நீளம் அகலம் அளந்தா கொட்டும்? பக்கத்து வீட்டு க்ரூபர்தான். அடுத்தவன் நல்லா இருந்தா அவனுக்குப் பொறுக்காது. நம்ம பய லைல் வண்டி அங்க நிக்கையில, தெரு அழகே கெட்டுப்போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தான்ல? எங்க என் தொப்பி?

— உக்காரு.

— இன்னிக்கு அவன் தோட்டத்துல உப்பைக் கொட்டாம விடமாட்டேன்.

— மெர்ல், உக்காரு. லைலைத் தேடி உன்கூடவே படகுல சுத்துன மனுசன் அவரு. உன்னால முடியலன்னு துடுப்பைக் கூட வாங்கிக்கிட்டாரு.

— அதுக்காக என் புல்லைக் கருக்கலாமா?

— அவரு போடல. நான் போட்டேன்.

— என்னது?

— நீ முடி வெட்டப் போயிருந்த அன்னிக்கு. க்ரூபர் பொண்டாட்டிகிட்ட பூச்செடிக்குன்னு சொல்லி ஒரு டப்பா வாங்கிட்டு வந்தேன்.

— அடியே, விதை இருக்குற இடத்துல அத… தெரியாம போட்டுட்டியா?

— தெரியாமயா? கட்டிக்கிட்ட நாள்லேருந்து புல்லைத் தவிர வேற என்ன பேசியிருக்க எங்கிட்ட?

— உனக்கென்ன கிறுக்கா? வேலை மெனக்கெட்டு, முட்டி வலியோட நான் எதுக்கு அங்க கிடக்குறேன்? தினம் காலையில இந்த ஜன்னல்ல அதுதான் தெரியுது. வண்டிய வித்தாச்சு, வண்டி போகல. நாலு சக்கரமும், எண்ணெய் ஒழுகுன கறையும் அப்படியே இருக்கு. அது மூடுனாத்தான் எனக்கு மூச்சு விட முடியும்.

— அது மூடுனா எனக்கு மூச்சு நின்னுடும்.

— ரெண்டு வருசம் ஆச்சு. ஐஸ் உடைஞ்சு ஏரிக்குள்ள போனவன் அவன்.

— அவன்கூடப் போன ஹாங்க் கிடைச்சான்ல?

— ஹாங்க், ஐஸ் மேல மீன் பிடிக்கப் போட்ட குடிசைக்குள்ள இருந்தான், குடிசையோட கிடைச்சான். இவன் வெளிய நின்னான். மார்ச் மாசத்து ஐஸ நம்பாதடான்னு தலையில அடிச்சுக்கிட்டேன். எவன் கேட்டான்?

— அது மட்டுமா சொன்ன? புல்லு மேல வண்டிய ஏத்தாதடான்னு கத்துன. ஹாங்க் வண்டியில ஏறிக்கிட்டே அவன் என்ன சொன்னான்?

— விடு.

— சொல்லு.

— வந்து எடுக்குறேன்பான்னான்.

— வந்து எடுக்குறேன்னு சொன்ன பிள்ளை. வந்து பாத்தா, மொத்தமும் பச்சையா, சீரா வெட்டி, கோடு போட்டாப்ல கிடந்தா என்ன நினைப்பான்? வண்டிய வித்துட்டாங்க, சரி. நின்ன இடத்தையுமான்னு நினைக்க மாட்டான்?

— வரமாட்டான்டி.

— தெரியும்.

— தெரிஞ்சுமா மருந்தைப் போட்ட?

— தெரிஞ்சுதான் மனுசா. அவன் உடம்பாவது கிடைச்சு ஒரு சவப்பெட்டி வந்திருந்தா அழுது முடிச்சிருப்பேன். எனக்குன்னு இருக்குறது அந்த மொட்டை மண்ணு ஒண்ணுதான். அதையும் விதை போட்டு மூடுறியே நீ.

— நான் அதுக்காகப் போடலடி.

— தெரியும். காப்பி ஆறுது, குடி.

— வேணாம். எந்திரி. உன் கோட்டை எடுத்துப் போட்டுக்க, வெளிய ஊதக்காத்து அடிக்குது.

— எங்க கூப்பிடுற?

— மருந்து ஓரம் வரைக்கும் சேரல. நாலு முளை தப்பிச்சு வந்திருக்கு. நாலு நாப்பதாகட்டும், அப்புறம் காட்டலாம்னு உங்கிட்ட மறைச்சு வச்சிருந்தேன். தலை தூக்குனத மருந்து ஒண்ணும் பண்ணாது. கையாலதான் பிடுங்கணும், வா.