அட்ஜஸ்டுக்குத் தமிழில் என்ன?

ஹலோ... ஆமா, கீழ் வீடுதான்... யாரு, ஹவுஸ் ஓனர் சாரா? கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கே... ஓ, பாத்ரூமா! போனோடயா குளிக்கப் போனீங்க?... சரி, சரி, கத்தாதீங்க. நிதானமாச் சொல்லுங்க.

தண்ணி நின்னுபோச்சா?... அடடா... தலை பூரா சோப்பா?... கண்ணுலயும் போயிடுச்சா? ஐயையோ, எரியுமே.

இல்ல, தொட்டி நிறைய தண்ணி இருக்கு... ஆமா... ஆமாமா, அந்த வால்வு எங்க சமையலறையிலதான் இருக்கு... யாரு மூடினதா? நான்தான்.

ஹலோ? இருக்கீங்களா?... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க, சார்.

...மரியாதை, மரியாதை. வாயை ரொம்பத் திறக்காதீங்க, சோப்பு உள்ள போயிடும்.

எதுக்கா? ரெண்டு வருஷமா உங்க பாத்ரூம் எங்க கட்டிலுக்கு மேல ஒழுகுதே, அதுக்கு. நீங்க ஒரு சொம்பு ஊத்தினா எனக்கு அரைச் சொம்பு. நீங்க குளிச்சு முடிக்கிறப்ப நானும் குளிச்சு முடிச்சிருப்பேன், படுத்தபடியே. துணி அலமாரியில ஒரு தவளை குடிவந்து, இப்ப பிள்ளைகுட்டியோட இருக்கு. சட்டை எடுக்கணும்னா கதவைத் தட்டிட்டுத்தான் திறக்கிறோம்... பொய்யா? வந்து பாருங்க. ஓ, இப்ப வர முடியாதுல்ல.

ஒவ்வொரு தடவையும் மேல வந்து சொன்னேனா இல்லையா? நீங்க என்ன சொன்னீங்க?... மறந்துபோச்சா? 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.' சரி, இங்கிலீஷ்ல அதுக்கு 'நனைஞ்சுக்கோ'ன்னு அர்த்தம் போலன்னு, குடையை விரிச்சுப் படுத்தேன். அப்புறம் உங்க புதுக் கார் வந்து என் ஸ்கூட்டரை வெளிய தள்ளிச்சு. அப்பவும் அதே வார்த்தை. அங்க அதுக்கு அர்த்தம் 'தெருவுல போடு'. உங்க பையன் டிரம்ஸ் கத்துக்க ஆரம்பிச்சான். அப்ப அது 'காதைக் கழட்டி வை'. எத்தனை அர்த்தம் சார் ஒரு வார்த்தைக்கு! எப்படித் திருப்பினாலும் முனை மட்டும் எங்க பக்கமே நிக்குது.

இருங்க, நான் முடிக்கல. எங்க வீட்டம்மா அந்த ஒழுகல் தண்ணியில வழுக்கி விழுந்து கால் ஒடிஞ்சுது. ஆஸ்பத்திரியில இருந்து உங்களுக்கு போன் பண்ணேன். என்ன சொன்னீங்க?... சொல்லுங்க, கேக்கறேன்... ஆங். 'ஒரு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க.' அவளைச் சொன்னீங்களா, எலும்பைச் சொன்னீங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல.

...இல்ல. தமாஷ் பண்ணல.

உங்க குழாய்ல நான் எப்படிக் கை வைக்கலாமா? நல்லாக் கேட்டீங்க. மொட்டை மாடித் தொட்டியில இருந்து நேரா உங்க பாத்ரூமுக்குப் புதுக் குழாய் போடணும்னு பிளம்பர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். நீங்கதான் பழைய குழாயே போதும், அட்ஜஸ்ட் பண்ணுன்னீங்க. அது கீழ இறங்கி, எங்க அடுப்படியைச் சுத்திப் பார்த்துட்டு, மறுபடி மேல ஏறுது. அங்க அதுக்கு அர்த்தம் 'கஞ்சத்தனம்'.

என்னது, சம்பந்தி வீட்டுக்காரங்க வர்ற நேரமா? தெரியுமே! 'நாளைக்கு முதல்முதலா வர்றாங்க, வாசல்ல உங்க செருப்புகூட இருக்கக் கூடாது, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க'ன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க. அதனாலதான் சார் இன்னிக்கு... மேல யாருமே இல்லையா? அம்மாவும் பொண்ணும் பார்லருக்கா... த்சொ, த்சொ.

சரி, அழாதீங்க... ஓ, சோப்பா. ஒரே கேள்வி. சரியாச் சொன்னா திறந்துடறேன். அட்ஜஸ்டுக்குத் தமிழ்ல என்ன?... பொறுத்துக்கிறது? அது நாங்க செய்யறது... சகிச்சுக்கிறது? அதுவும் நாங்கதான்... விட்டுக்கொடுக்கிறது... அனுசரிச்சுப் போறது... ஒண்ணு பாக்கியில்லாம எங்க வேலையாவே சொல்றீங்களே! என் பேத்தி டிக்ஷனரியில முதல் அர்த்தமா ஒண்ணு போட்டிருக்கு... யோசிங்க... வராது, உங்களுக்கு வராது. நானே சொல்றேன். 'சரி செய்தல்.' அது ஓனர் செய்யற வேலை.

சரி செஞ்சு தர்றீங்களா? கேக்கல... இன்னும் கேக்கல. ஜன்னலைத் திறந்து வெச்சுக் கத்துங்க... ஆங்! இப்ப தெருவுக்கே கேட்டுது. கேட்ல கார்லேர்ந்து இறங்கினவங்ககூட அண்ணாந்து பாக்கறாங்க... ஆமா, அவங்கதான். கார் நிறைய வந்திருக்காங்க.

பதறாதீங்க, சொன்ன சொல் மாற மாட்டேன். இதோ, திறக்கிறேன்... வருதா?... சொட்டுதா? சொட்டத்தான் செய்யும். எங்க கட்டிலுக்கு வர்ற அதே அளவு, சார். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. வால்வைப் பார்த்துப் பார்த்து அட்ஜஸ்ட் பண்ணி வெச்சிருக்கேன். டிக்ஷனரியில இது ரெண்டாவது அர்த்தம்.

...திட்டுங்க, திட்டுங்க. ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க... வாங்க, வாங்க! வணக்கம்! ஆமாங்க, இதே வீடுதான். படி இந்தப் பக்கம். கதவு திறந்துதான் இருக்கும், நேரா உள்ள போங்க. உங்க சம்பந்தி கொஞ்சம் நுரையா இருக்கார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான் கொஞ்சம்... ஹலோ?... ஹலோ?... சார்?