மறு கையில் கம்பு

அக்கிராசனம் வகிக்கும் தலைமையாசிரியர் அவர்களே! மாஸ்டரின் துணைவியார் நாகமணி அம்மையாரே! கோச்சடையிலிருந்தும் டவுனிலிருந்தும் வந்து கூடியிருக்கும் மகாஜனங்களே!

நம் டிரில் மாஸ்டர் துளசிராம் அவர்கள் வியாழக்கிழமை காலமாகிவிட்டார். அவர் பெருமையைப் பேச எனக்கு யோக்கியதை உண்டா? உங்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் டாக்டர் நான். உண்டென்று என் வாயால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று சொல்லத்தான் மேடையேறினேன்.

கல்யாண ஊர்வலம் போனாலும் மாஸ்டர் பார்ப்பது கால்களைத்தான்! ஞாயிறுதோறும் வைகையின் ஈர மணலில் பிள்ளைகளை ஓடவிட்டு, குதிகால் எவ்வளவு அழுந்தியது, பெருவிரல் எப்படி உந்தியது என்று குனிந்து குனிந்து தடம் பார்ப்பார். "என்ன சாமி, காசு கீசு தொலைஞ்சுபோச்சா?" என்று துணி துவைப்பவர்கள் கேலி பண்ணுவார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன் மூட்டை தூக்கும் நம் காளையண்ணன், வண்டியிலிருந்து விழுந்து, வலது இடுப்பு மூட்டில் அடிபட்டு என்னிடம் வந்தார். எலும்பு முறியவில்லை. வலது கையில் கம்பைக் கொடுத்து அனுப்பினேன். மூன்று மாதமாகியும் சாய்ந்து சாய்ந்தே நடந்தார். மாஸ்டர் அவரை நடுரோட்டில் மறித்தார்.

"காளையண்ணே, கம்ப எடது கைக்கு மாத்துங்க."

"வலிக்கிறது இங்கிட்டு, கம்பு அங்கிட்டா? வெயிலு தலைக்கேறிருச்சா வாத்தியாரே?"

சேதி கேட்டு நானும் சிரித்தேன். மாஸ்டர் சளைக்கவில்லை. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கால் அந்தரத்தில் இருக்கிறது. பாரமெல்லாம் ஊன்றிய காலில். அந்தரத்துப் பக்கம் இடுப்பு சரியாமல் இழுத்துப் பிடிப்பது, ஊன்றிய பக்கத்து இடுப்பின் வெளித்தசை. அது இழுக்க இழுக்க மூட்டு அழுந்தும். மறு கையில் கம்பிருந்தால் சரியும் பக்கத்தைக் கம்பு தாங்கிக்கொள்ளும். தசைக்கு வேலை குறையும், மூட்டுக்குப் பாரம் குறையும். இதை நடந்து காட்டியே விளக்கினார். காளை கையை மாற்றினார். அன்றைக்கே சாய்வு குறைந்தது. சித்திரைத் திருவிழாவுக்குள் மூட்டை தூக்கப் போய்விட்டார்!

பிறகு மாஸ்டர் என்னைத் தேடி வந்தார்.

"டாக்டர் சார், நான் சொன்னா டிரில் வாத்தியாருக்கு என்ன தெரியும்ங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரே கேக்கும். சொல்லுங்க சார்."

சொன்னேனா? இல்லை! பட்டம் வாங்கியவன் டிரில் மாஸ்டரிடம் பாடம் கேட்டேன் என்றால் கௌரவம் என்னாவது? புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சத்தமில்லாமல் மறு கையில் கொடுத்தேன். பழையவர்கள் நான் கொடுத்த கையிலேயே பிடித்து நொண்டினார்கள். போன மாதம்கூட மாஸ்டர் வழியில் நிறுத்திக் கேட்டார். "நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். வெட்கமாயிருக்கிறது, ஐயா!

அவருடைய ஞாயிற்றுக்கிழமை மணல் வகுப்பு நிற்காது. வருகிற வாரம் காளையும் நானும் ஆற்றில் இருப்போம். நடக்கச் சிரமப்படுகிறவர்கள் அத்தனை பேரும் வாருங்கள், நடக்க வைப்போம்!

இப்போது மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நிற்கப் போகிறோம். என்னிடம் கம்பு வாங்கியவர்கள் இந்தச் சபையில் பத்துப் பன்னிரண்டு பேராவது இருக்கிறீர்கள். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு! துளசிராம் மாஸ்டர் சொன்னதுதான் சரி! வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் கம்பை மாற்றிப் பிடித்து, எழுந்திருங்கள்!