அத்தாயி வயலின் கீழ்ச்சுவர்

பெயர்: சின்னுசாமி. தகப்பனார் பெயர்: கருப்பண்ணன். வயது: 47. தொழில்: விவசாயம். இருப்பு: ஈச்சங்காடு, எடப்புளி நாடு, கொல்லிமலை. நாள்: 6.11.2000.

நான் மேற்படி ஊரில் மரவள்ளியும் மிளகும் பயிரிட்டு வருகிறேன். எங்கள் ஊர் மண்காப்புக் குழுவுக்கு நான் செயலாளர். என் சித்தப்பா மகள் அத்தாயி கொடுத்த மனு பற்றி விசாரித்ததில், யாரும் வற்புறுத்தாமல் நான் சொல்வதாவது:

கடந்த ஆனி மாதம் எங்கள் குழு கூடி, ஊருக்கே முக்கியமான முடிவு ஒன்றை எடுத்தது. மண் வெட்டும் விதிகளை எழுதும் பலகைக்குப் பச்சை வண்ணம் பூசுவது என்பதே அந்த முடிவு. இதற்கு மூன்று மணி நேரம் ஆனது. நீலம் கேட்ட இருவர் தங்கள் மறுப்பைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டனர். அதன்பின் விதிகளைப் படித்தோம். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. சரிவில் மண் வெட்டும் முன் அதற்குக் கீழே கல்சுவர் வைக்க வேண்டும், புரட்டாசி முதல் கார்த்திகை வரை வெட்டக் கூடாது, வெட்டிய இடத்தில் புல் பிடிக்கும் வரை சுவரில் கை வைக்கக் கூடாது என்பவை விதிகள். அனைவரும் ஒப்புக்கொண்டோம்.

அதன்பின் ஆடி மாதம், கிழங்கு ஏற்றும் லாரி திரும்புவதற்காக அத்தாயி வயலுக்கு மேலே உள்ள சரிவை வெட்டிக் களம் அமைக்க முடிவானது. விதிப்படி முதலில் களத்துக்கும் அவள் வயலுக்கும் இடையில் அறுபதடி நீளத்துக்கு, இடுப்பளவு உயரத்தில் கல்சுவர் அடுக்கினோம். ஏழு நாள் ஆனது. அதன்பின் பொக்லைன் வந்து மண்ணை வெட்டியது. ஆவணி முடிவதற்குள் வேலை முடிந்தது. இதுவரை நாங்கள் செய்ததில் தவறில்லை.

அதன்பின் 3.10.2000 அன்று உதவிப் பொறியாளர் சுவரைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருவதற்கு இரண்டு நாள் முன் பெய்த மழையில் களத்துக்கு வரும் வழி சேறாகிவிட்டது. ஜீப் சிக்கினால் ஊருக்கு அவமானம் என்று குழு உறுப்பினர் செல்லமுத்து சொன்னார். பக்கத்தில் வேறு கல் இல்லை. "செவுத்துக் கல்லப் போடலாமுங்க. ஜீப்பு போனதும் திருப்பி அடுக்கிக்கலாம், கல்லு எங்க ஓடிரப் போவுது?" என்றார். நான் சரி என்றேன். மாலைக்குள் சுவர் முழுவதும் வழியில் கிடந்தது.

மறுநாள் ஜீப் சிக்காமல் வந்தது. பொறியாளர் இறங்கி, வழி நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு, சுவர் எங்கே என்று கேட்டார். இதை நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. நான் கையை நீட்டி, அத்தாயி வயலின் கீழ்வரப்பில் இருந்த கல்சுவரைக் காட்டினேன். அது அவளும் இறந்துபோன அவள் கணவரும் பதினொரு ஆண்டுகளாகக் கல் சுமந்து கட்டியது. கட்ட எத்தனை நாள் ஆனது என்று பொறியாளர் கேட்டார். "ஏழு நாளுங்க" என்றேன்.

அத்தாயி அந்தச் சுவரின் மேல்தான் நின்றிருந்தாள். கையில் களை இருந்தது. பொறியாளர் அவளிடம், "இவர் சொல்றது சரிதானாம்மா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணன் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள். அதன்பின் அளப்பதற்கு ஆள் போதவில்லை என்று நாடாவின் ஒரு முனையை அவளே பிடித்துக்கொண்டாள். சுவர் எழுபத்திரண்டு அடி இருந்தது. களத்துக்கு வேண்டிய அறுபதடியைவிட அதிகம் என்று பொறியாளர் எழுதிக்கொண்டார். சுவருக்கு மேற்புறம் உள்ள நிலத்தை மண் தங்கும் இடம் என்று எழுதினார். நான் சாட்சியாகக் கையெழுத்திட்டேன்.

ஜீப் போனபின் அத்தாயி என்னிடம், "ஏனுங்கண்ணா, என்ற செவுரு ஏழே நாள்ல எந்திரிச்சுதா?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு, "வெளயாட்டு இருக்கட்டும். நெல்லு பால் புடிக்குது. நாளைக்கே கல்லெடுத்து வெச்சுருங்கண்ணா" என்றாள். "வெச்சர்றேன் கண்ணு" என்றேன்.

மறுநாள் நான்கு கற்களைத் தோண்டி எடுத்தேன். அதற்குள் கிழங்கு லாரி வந்தது. வழி இப்போதுதான் வழி மாதிரி இருக்கிறது, கல்லை எடுக்க வேண்டாம் என்று ஓட்டுநர் கேட்டுக்கொண்டார். எனக்கும் நான்கு மூட்டை ஏற்ற வேண்டியிருந்தது. அதன்பின் பதினாறு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் அத்தாயி கேட்பாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அதன்பின் 21.10.2000 அன்று பெய்த மழையில், வெட்டிய சரிவு முழுவதும் இறங்கி அத்தாயி வயலில் விழுந்தது. அவளுக்கு அதைத் தவிர வேறு நெல் வயல் கிடையாது. நான் மண்வெட்டியுடன் போனபோது, மண்ணுக்கு வெளியே தெரிந்த கதிர்களை அவள் ஒவ்வொன்றாக இழுத்து, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து "வாங்க" என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் சண்டைக்காரருக்கும் அதைச் சொல்வது வழக்கம். நான் மண்வெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றுவரை போய் எடுக்கவில்லை.

கல்லை எடுக்கச் சம்மதித்தவனும், பொய் சொன்னவனும், திருப்பி வைக்காதவனும் நானே. அத்தாயி பொய் சொல்லவில்லை. என்னை நம்பி அண்ணன் என்றாள்.

இதில் உள்ளது நான் சொன்னதே. எழுதியதை வாசிக்கக் கேட்டேன். மாற்றச் சொல்ல எதுவுமில்லை.

(ஒப்பம்) க. சின்னுசாமி

பதிவு செய்தவர் குறிப்பு: ஆவணங்களைப் பார்வையிட்டதில், மேற்படி எழுபத்திரண்டு அடிச் சுவர் 21.10.2000 மழையில் சேதமின்றி நின்று, வந்த மண் முழுவதையும் தடுத்துள்ளது. அத்தாயியின் நிலம் மண் தங்கும் இடம் என்று பதிவாகியுள்ளதால், பயிர்ச்சேதப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.