ஒரு நாளைக்கு ஒரு கேள்வி

திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோ. எதிரில் இரண்டு பெண்கள். கோயில் கூடையை மடியில் வைத்திருந்தவரிடம் நீலப் புடவைக்காரி சொன்னது என் காதில் விழுந்தது.

“எம் பொண்ணு ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேக்கணுமாம்க்கா. மிஸ் சொல்லிட்டாங்க.”

“ஏன்டி, நல்லா படிக்கிற பொண்ணாச்சே?”

“அதான் பிரச்சனையே! பாடம் நடத்த வுட மாட்றாளாம். இவ இன்னா பண்ணா தெரியுமா? மிச்சக் கேள்விய சீட்டுல எழுதி மத்த பசங்களுக்குக் குடுத்துட்டா. இப்ப மொத்த கிளாஸும் கேட்டுக்கினே கீது.”

கூடைக்காரர் சிரிக்கவில்லை.

“எம் பையனும் அந்த கிளாஸ்தானே? நெலா ஏன் நம்ம பின்னாடியே வருதுன்னு நேத்து ஊட்ல கேட்டான். புள்ளைக்கு மூளை வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு இப்பதான் அம்மனுக்குத் தேங்கா ஒடச்சிட்டு வரேன்.”

“அது… அவ புதன்கிழமை எழுதின சீட்டுக்கா.”

 பிறகு கூடையிலிருந்து ஒரு தேங்காய் மூடி நீலப் புடவையின் மடிக்குப் போனது.

“இது உம் பொண்ணுக்கு. இன்னொரு மூடி எம் புள்ளைக்கு. தைரியமா கேட்டது அவன்தானே!”